ஆங்கிலத்துச் சிறுசொற்களும் பழவேற்காட்டுத் துறையும்

ஆங்கிலம் கற்கப் புகும் நம் மாணாக்கர்க்கு அம்மொழியின் நெடுஞ்சொற்கள் அத்துணை இடர் விளைப்பதில்லை. நான்கைந்து அசைகளோடு அகராதியிற் பெருமிதமாக வீற்றிருக்கும் ஒரு சொல்லை ஒருமுறை மனத்தில் இருத்திக்கொண்டால், அது பின்னர் என்றும் சொன்ன சொல் தவறாது நிற்கும். இடர் தருவன 'இன்', 'ஆன்', 'அப்', 'அவுட்', 'ஆஃப்', 'ஓவர்' என்னும் கடுகளவான சொற்களேயாம். இவை, தொடக்கப் பள்ளிச் சிறுவனும் அறிந்த 'புட்', 'டேக்', 'கெட்', 'மேக்', 'ஸெட்' முதலிய எளிய வினைகளோடு கூடிய மாத்திரத்தில், இரண்டிலும் இல்லாத மூன்றாவது பொருளொன்று எங்கிருந்தோ வந்து குடிபுகுந்துவிடுகிறது. 'புட்' என்றால் வை; 'ஆஃப்' என்றால் விலகி; 'புட் ஆஃப்' என்றாலோ ஒத்திவை. 'அவுட்' என்றால் வெளியே. 'புட் அவுட் தி லாம்ப்' என்றால் விளக்கை அணை. 'புட் அவுட் டு ஸீ' என்றால் கலத்தைக் கடலிற் செலுத்து. விளக்கை அணைப்பதற்கும் கடலிற் செல்வதற்கும் என்ன உறவு என்று மாணாக்கன் திகைப்பது இயல்பே.

இத்திகைப்பு நமக்கு மட்டும் உரியதன்று. ஆங்கில அகராதியாசிரியருள் தலைசிறந்தவராகிய டாக்டர் ஸாமுவேல் ஜான்ஸன், 1755-ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட அகராதியின் முகவுரையிலேயே, வினைக்குப் பின் சிறுசொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் இவ்வழக்கு அயல்நாட்டார்க்குப் பெருந்துன்பம் தருவதென ஒப்புக்கொண்டு, அத்தகைய தொடர்களைத் தாம் மிக்க கவனத்துடன் குறித்திருப்பதாகக் கூறுகின்றார். அவர் காலத்தில் இவற்றிற்குத் தனிப்பெயர் இல்லை. இன்று இலக்கண நூல்களில் வழங்கும் 'ஃப்ரேஸல் வெர்ப்' என்னும் பெயர், லோகன் பியர்ஸால் ஸ்மித் என்பார் 1925-இல் வெளியிட்ட நூலினால் பரவிற்று. அப்பெயரைத் தமக்கு அளித்தவர் ஹென்றி பிராட்லி என்னும் அறிஞர் என அவரே நன்றியுடன் குறித்துள்ளார். பெயர் புதிது, பொருளோ பழமையானது. யாம் இதனைத் 'தொடர்வினை' என்று வழங்குவோம்.

இப்பொருளைப்பற்றி எழுதும் எண்ணம் எமக்கு வகுப்பறையிற் பிறந்ததன்று. பழவேற்காட்டு ஏரிக்கரையிற் பிறந்தது. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது அவ்வூர். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவில் மிகப் பெரிய உவர்நீர்க் காயல் இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும் தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைந்திருக்க, ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணற்றீவு இதனை வங்கக்கடலினின்று பிரித்து நிற்கின்றது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், கூனங்குப்பம் எனக் கரையோரமாகப் பல குப்பங்கள் உள. எந்நாளில் எவர் எவ்விடத்தில் வலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பங்கிடும் 'பாடு' என்னும் பழைய ஏற்பாடு இங்கே பேர்பெற்றது. அதனை எழுதப் புகுந்தால் அதுவே தனிக் கட்டுரையாகும். ஈண்டு விடுத்து மேற்செல்வோம்.

எம் கல்லூரி மாணவர் சிலர் அக்குப்பங்களுள் ஒன்றில் ஞாயிறுதோறும் மாலை வகுப்பு நடத்திவந்தனர். யாமும் உடன் செல்வது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எம்மை அழைத்து, "ஐயா, இந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று ஒரு தடவை பாருங்கள். பேரன் படித்துச் சொல்லிவிட்டான், இருந்தாலும் மனசு கேட்கவில்லை" என்றார். வலைக்கும் படகின் இயந்திரத்திற்குமாக இறால் வாணிகர் ஒருவரிடம் அவர் முன்பணம் பெறுவதாக இருந்தார். அதற்குரிய உடன்படிக்கை ஆங்கிலத்தில் தட்டச்சிடப்பட்டிருந்தது. குறித்த நாளிற் பணம் திரும்பாவிடின், கடன் பெற்றவர் 'ஷல் மேக் ஓவர் ஹிஸ் போட்' என்று அதில் ஒரு வரி காணப்பட்டது.

பேரன் பத்தாம் வகுப்பு மாணவன்; சோம்பேறியல்லன். அழகு நிலையத்து விளம்பரங்களில் 'மேக்ஓவர்' என்னும் சொல்லை அவன் பலகாற் கண்டிருந்தான். பழையதைப் புதியது போலாக்குதல் என்பது அதன் பொருள் என்றும் அறிந்திருந்தான். எனவே, "படகைப் புதுப்பித்து வைத்துக்கொள்ள வேண்டுமாம், தாத்தா" என்று பாட்டனார்க்குப் பொருள் சொல்லிவிட்டான். அவருடைய ஃபைபர் படகோ மேல்விளிம்பில் வெடித்திருந்தது. எப்படியும் செய்யவேண்டிய வேலைதானே என்று அவர் மறுநாட் காலையிற் கையெழுத்திட ஆயத்தமாக இருந்தார். 'மேக் ஓவர்' என்பது பத்திரங்களில் வருமிடத்து உரிமையை மற்றொருவர்க்கு மாற்றிக்கொடுத்தலைக் குறிக்கும் என்றும், தவணை தவறினால் படகு வாணிகருடையதாகிவிடும் என்றும் யாம் எடுத்துரைத்தபோது, முதியவர் நெடுநேரம் வாய் திறக்கவில்லை. பேரன் தலை குனிந்துகொண்டான். பிறகு அவர் காகிதத்தை மடித்து இடுப்பிற் செருகிக்கொண்டு, "தமிழில் எழுதிக்கொண்டு வரச் சொல்கிறேன், ஐயா. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்.

பையனைக் குறைகூற எமக்கு வாய் எழவில்லை. 'மேக்' அவன் அறிந்ததே. 'ஓவர்' அவன் அறிந்ததே. இரண்டும் கூடுமிடத்து என்ன நிகழ்கிறதென்பதை அவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை. எம்மைப் போன்ற ஆசிரியர்கள் இத்தொடர்களை நூறு நூறாகப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்யச் சொல்வதோடு கடமை தீர்ந்ததென எண்ணிவிடுகிறோம்.

முதியவர் கூறிய 'பார்த்துக்கொள்ளலாம்' என்னும் சொல்லைச் சற்றே நோக்குங்கள். அதிற் கண்ணாற் பார்த்தலும் இல்லை. கையாற் கொள்ளுதலும் இல்லை. 'குழந்தையைப் பார்த்துக்கொள்' என்பதை அயல்நாட்டார் ஒருவர் அகராதியின் துணையால் பிரித்துப் பொருள்கொண்டால், குழந்தையை ஒருமுறை பார், பிறகு எடுத்துக்கொள் என்றல்லவோ உணர்வார்? ஆங்கிலேயன் இதனை 'லுக் ஆஃப்டர்' என்கிறான். நாம் 'பார்' என்பதோடு 'கொள்' என்பதைச் சேர்த்தோம். அவன் 'லுக்' என்பதோடு 'ஆஃப்டர்' என்பதைச் சேர்த்தான். இவ்வாறே 'விட்டுக்கொடு' என்பதில் விடுதலும் கொடுத்தலும் கூடி இணங்குதலாயின. ஆங்கிலத்தில் அதற்கு 'கிவ் இன்'. 'கைவிடு' என்பதற்கு 'கிவ் அப்'.

இன்னும் நெருங்கிய உறவினரும் நம் மொழியில் உளர். புறம் என்னும் இடப்பெயரோடு 'படு' சேர்ந்து 'புறப்படு' ஆயிற்று. ஆங்கிலத்து 'ஸெட் அவுட்' என்பதன் உடன்பிறப்பு அது. அகத்தே படுவது 'அகப்படு'. மீன் வலையில் அகப்படுகிறது. ஒருவரோடு உடன் படுவது 'உடன்படு'. மேற்கொள், உட்கொள், எதிர்கொள், பின்வாங்கு, முன்வா ஆகிய யாவும் இவ்வினத்தனவே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. இடம் காட்டும் சொல்லை நாம் வினைக்கு முன் வைக்கிறோம். இன்றைய ஆங்கிலம் பின் வைக்கிறது. வடமொழியிலும் உபசர்க்கம் முன்னேதான் வரும். 'ஹ்ரு' என்னும் ஒரே வினையடி 'ஆ', 'ஸம்', 'பரி' என்பவற்றோடு கூடி ஆகாரம், சங்காரம், பரிகாரம் என மூன்று வேறு உலகங்களைப் படைத்திருப்பதை நினைவுகூர்க. உண்பதும் அழிப்பதும் நீக்குவதும் ஒரே அடியிற் பிறந்தன என்பதை ஏற்றுக்கொண்ட நமக்கு, 'புட் அவுட்' என்பதன் இரு பொருள்களும் அத்துணை வியப்புத் தருவனவல்ல.

பழைய ஆங்கிலத்திலும் சிறுசொல் பெரும்பாலும் வினைக்கு முன்னரே ஒட்டி நின்றது. 'அண்டர்ஸ்டாண்ட்', 'வித்ஸ்டாண்ட்', 'ஓவர்கம்' என்பன அக்காலத்து எச்சங்கள். பின்னாளில் அது பின்னுக்குச் சென்றது. இவ்விடப்பெயர்ச்சியால் சில இரட்டையர் தோன்றினர். 'ஸெட் அப்' என்றால் நிறுவு. 'அப்ஸெட்' என்றால் கவிழ். கரையிற் பந்தல் 'ஸெட் அப்' செய்யப்படும். காற்றிற் படகு 'அப்ஸெட்' ஆகும். 'டேக் ஓவர்' என்றால் பொறுப்பேற்றுக்கொள். 'ஓவர்டேக்' என்றால் முந்திச் செல். நாம் ஒரு பணியை மேலே கொண்டு 'மேற்கொள்' என்கிறோம். ஆங்கிலேயன் அதே பணியின் கீழே புகுந்து 'அண்டர்டேக்' என்கிறான். சுமப்பவன் இருவர்க்கும் ஒருவனே.

ஆங்கிலத்தின் நெருங்கிய உறவாகிய டச்சு மொழியில் இம்மாற்றம் பாதி வழியில் நிற்பதைக் காணலாம். அம்மொழியில் சிறுசொல் அகராதியில் வினைக்கு முன் ஒட்டியிருக்கும். வாக்கியத்திற் புகுந்ததும் பலவிடங்களிற் கழன்று, வாக்கியத்தின் இறுதிக்குச் சென்று நின்றுகொள்ளும். இம்மொழி பழவேற்காட்டுக் கரைக்குப் புதிதன்று. 1613-இல் டச்சுக்காரர் இங்கே கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பி, நெடுங்காலம் சோழமண்டலக் கரையில் தம் தலைமையிடமாகக் கொண்டிருந்தனர். 1825-இல் இவ்வூர் முடிவாக ஆங்கிலேயர் வசமாயிற்று. அவர்தம் கல்லறைகள் சித்திர வேலைப்பாட்டுடன் இன்றும் அங்கே காணப்படுகின்றன. கடலோடிகளாகிய அவர்களிடமிருந்து ஆங்கிலம் 'ஸ்கிப்பர்', 'டெக்', 'யாட்' முதலிய கப்பற் சொற்களைப் பெற்றுக்கொண்டது. ஆங்கிலத் தொடர்வினைகளுட் சிலவும் கப்பற் றுறையிற் பிறந்து ஊருக்குள் வந்தவை என்பதும் ஈண்டு நினைக்கத்தகும். கலத்தின் கட்டை அவிழ்த்துவிடுதலாகிய 'காஸ்ட் ஆஃப்' அத்தகையது.

இனி, மாணாக்கரைப் பெரிதும் மயக்கும் இடத்திற்கு வருவோம். ஆங்கிலத்தின் சிறுசொல் ஒன்றே இரு தலைவர்க்கு ஊழியம் செய்கிறது. சில வேளை அது தனக்குப் பின் வரும் பெயரைப் பற்றிக்கொண்டு, நம் வேற்றுமையுருபின் தொழிலைச் செய்யும். அப்போது அதற்கு முன்னிடைச்சொல் என்று பெயர். சில வேளை அது முன்னுள்ள வினையைப் பற்றிக்கொண்டு, நம் துணைவினையின் தொழிலைச் செய்யும். அப்போது அதனை வினையொட்டு எனலாம். தமிழில் இவ்விரு தொழிலுக்கும் இருவேறு ஆட்கள் உளர்: பெயரின் இறுதியில் 'ஐ', 'ஆல்', 'கு', 'இல்' முதலியன; வினையின் இறுதியில் 'விடு', 'கொள்', 'போ', 'இரு' முதலியன. ஆங்கிலத்தில் ஆள் ஒருவனே, உடையும் ஒன்றே. யாருடைய வேலைக்காரனாக இன்று வந்திருக்கிறான் என்பதை நாமே கண்டறிதல் வேண்டும்.

கண்டறியும் வழி அரிதன்று. பெயர்ச்சொல்லை எடுத்துவிட்டு 'இட்' என்னும் சுட்டை வைத்துப் பார்க்க. 'புல் இன் தி நெட்', அதாவது வலையை இழுத்துக்கொள், என்னும் வாக்கியம் 'புல் இட் இன்' என்றாகும். 'புல் இன் இட்' என்று ஆங்கிலேயன் சொல்லான். எனவே இங்கே 'இன்' வினையொட்டு. 'ஸிட் இன் தி போட்', அதாவது படகில் உட்கார், என்பதோ 'ஸிட் இன் இட்' என்றுதான் ஆகும்; 'ஸிட் இட் இன்' என்பது பிழை. எனவே இங்கே 'இன்' முன்னிடைச்சொல். நம் 'இல்' உருபின் தொழிலைச் செய்கிறது. செவியும் இதற்குச் சான்று பகரும். வினையொட்டு அழுத்தி ஒலிக்கப்படும். முன்னிடைச்சொல் பெரும்பாலும் தாழ்ந்து ஒலிக்கும்.

ஒரே வாக்கியம் இருபொருள் படும் இடமும் உண்டு. 'ஹி லுக்ட் ஓவர் தி போட்' என்றால், அவன் படகிற்கு மேலாக அப்பால் நோக்கினான் என்றும் கொள்ளலாம். படகை நன்கு சோதித்துப் பார்த்தான் என்றும் கொள்ளலாம். முன்னது 'லுக்ட் ஓவர் இட்'; பின்னது 'லுக்ட் இட் ஓவர்'. விலை பேச வந்தவன் இவற்றுள் எதைச் செய்தான் என்பது விற்பவனுக்கு முக்கியமல்லவா?

வினையொட்டாக வருங்கால் இச்சிறுசொற்கள் என்ன பொருள் தரும்? பட்டியல் தருவது எம் நோக்கமன்று. ஏரிக்கரையிற் கண்ட சிலவற்றை மட்டும் கூறுவோம். பழவேற்காட்டு மீனவர்க்குப் பெருந்துயர் தருவது, ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரம் மணலாற் றூர்ந்துபோதல். அது தூர்ந்தால் கடல்நீர் உட்புகாது; இறாற் குஞ்சுகள் ஏரிக்குள் வாரா; படகுகள் கடலுக்குச் செல்ல வழியிராது. ஆங்கிலத்தில் இதனை 'ஸில்டட் அப்' என்பர். மணல் மேலேறுவதனால் 'அப்' வந்தது போலும் என்று பேரன் கூறினான். நல்ல ஊகந்தான். ஆனால் கோடையில் ஏரியின் வடபகுதியிற் பல இடங்கள் வற்றிவிடுகின்றன. அதற்கும் ஆங்கிலேயன் 'ட்ரைட் அப்' என்றே சொல்கிறான். நீர்மட்டம் கீழேயன்றோ போகிறது? இங்கே 'அப்' என்பது மேல்நோக்கைக் காட்டவில்லை. வினை முற்றுப்பெற்றதைக் காட்டுகிறது. நாமும் 'வற்றிப்போயிற்று' என்கிறோம். நீர் எங்கேயும் நடந்து போகவில்லை. அவனுடைய 'அப்' நம் 'போ' என்பதன் வேலையைச் செய்கிறது. 'யூஸ்ட் அப்' தீர்ந்துபோயிற்று. 'ப்ரோக் அப்' உடைந்துபோயிற்று. தொழில் இடையறாது தொடர்வதற்கு 'ஆன்' வரும்: 'கோ ஆன்', 'ஸெயில் ஆன்'. அங்கே நமக்குக் 'கொண்டிரு' உண்டு.

'ஆஃப்' என்பது பிரிவைக் காட்டும். பெருவெள்ளத்திற் சாலை முழுகிக் குப்பம் தனித்துப்போனால் 'கட் ஆஃப்' என்பர். இதே சொல் முன்னிடைச்சொல்லாகி 'ஆஃப் தி கோஸ்ட்' என வருமிடத்து, கரையினின்று பிரிந்து கடற்புறத்தே என்னும் பொருள் தரும். நிலப்புறத்தே எவ்வளவு தள்ளியிருந்தாலும் அதற்கு இச்சொல் வாராது. ஒரு புதுமை கூறுவோம்: ஆங்கிலத்தில் 'உடைய' என்னும் பொருள் தரும் 'ஆவ்' என்பதும், பிரிவு காட்டும் இந்த 'ஆஃப்' என்பதும் தொடக்கத்தில் ஒரே சொல். அழுத்தி ஒலித்தபோது ஒன்றும், தளர்த்தி ஒலித்தபோது மற்றொன்றுமாக அவை பிரிந்தன. ஒரே வீட்டிற் பிறந்து, ஒருவன் உறவையும் மற்றவன் பிரிவையும் தொழிலாகக் கொண்டமை உலக இயல்புக்கு ஒத்ததே.

இனி 'ஓவர்'. மேலே என்பது மட்டுமே அதன் பொருளாகக் கற்பிக்கப்படுகிறது. ஒரு பக்கத்தினின்று எழுந்து, இடையிலுள்ளதைக் கடந்து, மறுபக்கம் சேர்தலும் அதன் பொருளே. ஏரியைப் படகிற் கடந்து அக்கரை செல்வதை 'கோ ஓவர்' என்பர். பொருள் ஒரு கையினின்று மறுகைக்குக் கடந்தால் 'ஹாண்ட் ஓவர்'. பொறுப்பு கடந்தால் 'டேக் ஓவர்'. சொத்தின் உரிமை கடந்தால் 'மேக் ஓவர்'. அக்கரைக்குச் செல்லும் ஓடத்தை மனத்திற்கொண்டிருந்தால், பேரன் அந்த வரியிற் சிறிதேனும் ஐயுற்றிருப்பான். அன்று யாம் அவனுக்கு மணலிற் கோடிழுத்து இக்கரை அக்கரை காட்டி விளக்கியது இதனையே. ஆயினும் எல்லாத் தொடர்வினைகளையும் இவ்வாறு படம் வரைந்து விளக்கிவிடலாம் என்பார் கூற்றை யாம் நம்புவதில்லை. பொறுத்துக்கொள் என்னும் பொருள்தரும் 'புட் அப் வித்' என்பதற்குப் படம் வரைய எம்மால் இயலவில்லை. சிலவற்றை அப்படியே விழுங்குவதன்றி வேறு வழியில்லை.

இந்த 'புட் அப் வித்' என்பதில் இரண்டு சிறுசொற்கள் அடுத்தடுத்து நிற்பதைக் காண்க. இவ்விடத்திற்றான் வினையொட்டும் முன்னிடைச்சொல்லும் ஒரே வாக்கியத்தில் தோளோடு தோள் சேர்ந்து உழைக்கின்றன. முதலாவது வினையைப் பற்றி நிற்கிறது. இரண்டாவது வரப்போகும் பெயரை நோக்கிக் கை நீட்டுகிறது. 'வி ரான் அவுட் ஆவ் டீஸல்' என்பதில் 'ரான் அவுட்' என்பது தீர்ந்துபோதல். 'ஆவ்' என்பது எது தீர்ந்தது என்பதைக் கொண்டுவருவது. டீஸலைச் சொல்ல வேண்டாதபோது 'ஆவ்' தானும் வேண்டா. 'தி டீஸல் ரான் அவுட்' என்று முடித்துவிடலாம். தமிழிலும் 'உடன்படு' என்னும் வினை தன் பெயர்க்குக் 'கு' உருபை வேண்டி, 'விலைக்கு உடன்பட்டான்' என நிற்கிறது. உடன் என்பது வினையின் பங்கு. 'கு' என்பது பெயரின் பங்கு. ஆதலால் மூன்று சொற்களை ஒரே மூட்டையாகக் கட்டி மனப்பாடம் செய்வதைவிட, இரண்டாகப் பிரித்து, முன்னதன் பொருளையும் பின்னது வேண்டும் பெயரையும் தனித்தனியே அறிவது நன்று. 'லுக் ஃபார்வர்ட் டு' என்பதிற் பலர் தவறுவதும் இதனாலேயே. அங்கே 'டு' பெயரை வேண்டும் முன்னிடைச்சொல். எனவே அதன்பின் 'மீட்டிங்' என்னும் தொழிற்பெயர் வரவேண்டுமேயன்றி 'மீட்' என்னும் வெறும் வினை வரலாகாது.

1930-இல் சி. கே. ஒக்டன் என்பார் 850 சொற்களே கொண்ட 'பேஸிக் இங்கிலீஷ்' என்னும் சுருக்க ஆங்கிலத்தை வகுத்தார். அதில் வினைகள் 18 மட்டுமே. ஏனைய வினைகளின் பொருளையெல்லாம் இப்பதினெட்டும் சிறுசொற்களும் கூடியே தரவேண்டும். சொற்கணக்கிற் பார்க்குங்கால் இது மிக எளிது. ஆனால் கழிக்கப்பட்ட வினைகளின் சுமை முழுவதும் அச்சிறுசொற்களின் தலையில் ஏறிற்று. 'டாலரேட்' என்னும் ஒரு சொல்லை ஒரு நாளிற் கற்கும் தமிழ் மாணாக்கன் 'புட் அப் வித்' என்பதோடு ஒரு திங்கள் மல்லுக்கட்டுவான் என்பது எம் அனுபவம்.

வேண்டாத இடத்திற் சிறுசொல்லைச் சேர்ப்பதும் நம்மவர் குறை. 'அதைப்பற்றி விவாதித்தோம்' என்னும் தமிழின் நிழல் படிந்து 'டிஸ்கஸ்ட் அபௌட் இட்' என்கிறோம். 'டிஸ்கஸ்ட் இட்' என்பதே போதும். 'கரைக்குச் சேர்ந்தோம்' என்பதனால் 'ரீச்ட் டு தி ஷோர்' என்கிறோம். 'கரையை அடைந்தோம்' என்று மனத்தில் நினைத்திருந்தால் அப்பிழை நேராது. 'ரிட்டர்ன் பாக்' என்பதோ திரும்பித் திரும்பி வருவது. 'ரிட்டர்ன்' என்பதிலேயே 'பாக்' அடங்கியிருக்கிறது.

புயற்காலத்தில் வானிலை அறிக்கை 'நாட் டு வென்ச்சர் இன்டு தி ஸீ' என்று மீனவரை எச்சரிக்கும். 'இன்' என்பது உள்ளே இருத்தல். 'இன்டு' என்பது வெளியினின்று உள்ளே செல்லுதல். கரையில் நிற்பவனைத் தடுப்பது பின்னது. ஏற்கனவே சென்றவர்க்கு 'அவுட் அட் ஸீ' என்று வேறு தொடர் உண்டு. அவர்கள் 'ரிட்டர்ன் டு தி கோஸ்ட்' செய்யவேண்டும். 'இன்டு', 'அட்', 'டு' என்னும் மூன்றிலும் மூன்று வகையான மனிதர் நிற்கின்றனர். ஒருவர் இன்னும் கிளம்பவில்லை, ஒருவர் நடுக்கடலில் இருக்கிறார், ஒருவர் திரும்பிக்கொண்டிருக்கிறார். இவ்வறிக்கைகள் இப்போது தமிழிலும் வெளிவருகின்றன. ஆயினும் கைப்பேசியில் முதலில் வந்து விழுவது பலகால் ஆங்கிலமாகவே இருக்கக் காண்கிறோம்.

சென்ற ஐப்பசியில் யாம் அக்குப்பத்திற்குச் சென்றபோது முதியவரின் படகு கரையிலேயே கிடந்தது, மேல்விளிம்பு செப்பனிடப்பட்டிருந்தது. பேரன் இப்போது கல்லூரி மாணவன். கைப்பேசியில் வந்த செய்தியை எம்முன் படித்தான். 'நார்த்ஈஸ்ட் மான்ஸூன் ஸெட்ஸ் இன் ஓவர் தமிழ்நாடு' என்றிருந்தது. "என்னடா சொல்கிறான்?" என்றார் பாட்டனார். பையன் எம்மை ஒருமுறை பார்த்தான். 'ஸெட்' என்பதையும் 'இன்' என்பதையும் அவன் பிரித்துப் பொருள் சொல்வானோ என்று யாம் காத்திருந்தோம்.

"மழை பிடித்துக்கொண்டதாம், தாத்தா" என்றான்.

முதியவர் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, படகை இன்னும் மேட்டில் ஏற்றுவதற்குக் கயிற்றை எடுத்தார்.